கதீட்டர் வழியே போகும் இதய பம்ப்: மேசையில் தயார் செய்வது எப்படி?

தொடை ரத்தக்குழாய் வழியாக ஏறிப் போய், இடது வென்ட்ரிக்கிளில் (இதயத்தின் கீழறை) இருந்து ரத்தத்தை உறிஞ்சி மகாதமனிக்குள் தள்ளுகிற சின்ன பம்ப் இது. இம்பெல்லா என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். உடம்புக்குள் போவதற்கு முன் அதை மேசையில் எப்படித் தயார் செய்கிறார்கள் என்று, கேத் லேபுக்கு (கதீட்டர் வழியே இதயச் சிகிச்சை செய்யும் அறை) புதியவர்களுக்காக எழுதுகிறேன். நோயாளி என்று வந்துவிட்டால் அந்தந்தச் சாதனத்தின் கையேடு சொல்வதுதான் சட்டம், இதை வைத்து ஆரம்பித்துவிடாதீர்கள்.

முதலில் அளவு. இங்கே எல்லாவற்றையும் 'பிரெஞ்சு' கணக்கில்தான் சொல்வார்கள், 3 பிரெஞ்சு என்றால் 1 மி.மீ. இம்பெல்லா சிபி பம்ப் 14 பிரெஞ்சு, கிட்டத்தட்ட 4.7 மி.மீ.; அது பொருத்தப்பட்டிருக்கும் கதீட்டர் (மெல்லிய நீளக் குழாய்) 9 பிரெஞ்சு. 1988-இல் முதன்முதலாக மனிதருக்குப் பொருத்திய ஹீமோபம்ப் என்ற இதே மாதிரியான பழைய பம்ப் 21 பிரெஞ்சு, அதாவது 7 மி.மீ. தடிமன், அதனால் ரத்தக்குழாயை அறுவை செய்து திறந்துதான் உள்ளே விட வேண்டியிருந்தது. (எகிப்தில் ஆர்க்கிமிடீஸ் திருகை வைத்துத் தண்ணீர் இறைப்பதைப் பார்த்துத்தான் ஹீமோபம்பை உருவாக்கிய ரிச்சர்ட் வாம்ப்ளருக்கு அந்த யோசனையே வந்ததாம்.)

சரி, மேசைக்கு வருவோம். இரண்டு பேர் வேண்டும், ஒருவர் ஸ்டெரைல் (கிருமி நீக்கிய உடை, கையுறையோடு), இன்னொருவர் வெளியே கன்சோல் (பம்பை இயக்கும் பெட்டி) பக்கம். பெட்டியில் காலாவதி தேதியைப் பார்த்துவிட்டுக் கதீட்டரை எடுங்கள், ஆனால் எங்கேயும் மடிந்துவிடாமல்.

அடுத்து பர்ஜ், அதாவது மோட்டாருக்குள் ரத்தம் போகாமல் திரவத்தால் தடுப்பது. மோட்டாருக்குள் ரத்தம் புகுந்தால் உறைந்து பம்ப் நின்றுவிடும், அதனால் எதிர்த்திசையில் ஒரு திரவம் சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். வழக்கமாக 5% டெக்ஸ்ட்ரோஸில் (சர்க்கரைக் கரைசல்) ஹெப்பாரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) கலந்தது. பையைக் கேசட்டில் (திரவத்தைக் குழாய்க்குள் செலுத்தும் பாகம்) மாட்டி, குழாய் முழுக்க நிரம்பி, காற்று போய், பம்ப் முனையில் திரவம் வெளியே வருவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அடுத்த வேலை. கன்சோலில் 'முடிந்தது' என்று வந்தாலும் நான் ஒரு தடவை முனையைப் பார்த்துவிடுவேன், பழக்க தோஷம்.

இனி மடங்கும் பம்ப். உள்ளே போகும்போது ஒல்லியாக மடங்கியிருந்து, போய்ச் சேர்ந்ததும் விரிந்துகொள்ளும் வேறு வகை இது. நிட்டினால் (மடக்கினாலும் பழைய வடிவத்துக்குத் திரும்பும் உலோகக் கலவை) கூடு, ரத்தத்தைத் தள்ளும் பாலிமர் இதழ்கள். நாள்கணக்கில் மடித்தே வைத்திருந்தால் பாலிமர் அந்த வளைவையே பிடித்துக்கொள்ளும் என்பதால், பொருத்துவதற்குச் சற்று முன்புதான் ஷீத்துக்குள் (பம்பை மூடும் உறைக் குழாய்) இழுப்பது நல்லது. இதற்கென்று புனல் மாதிரி ஒரு கருவி இருக்கும்: அகன்ற வாய் பம்ப் பக்கம், குறுகிய வாய் ஷீத் பக்கம். பம்பையும் புனலையும் சலைன் (உப்புக் கரைசல்) கிண்ணத்தில் முழுக்க மூழ்கவைத்து, நேராக, மெதுவாக இழுங்கள். இறுக்கம் தெரிந்தால் பலம் காட்டாதீர்கள், விட்டுவிட்டுத் திரும்பவும் விரித்துப் பாருங்கள், ஒரு இதழ் தப்பான பக்கம் மடங்கியிருக்கும்.

மூழ்கவைப்பது ஏன் என்றால், காற்று. கூட்டின் இடுக்கிலும் இதழ் மடிப்பிலும் குமிழிகள் ஒட்டிக்கொண்டு எளிதில் விடாது. சிரிஞ்சில் சலைனை மெதுவாகச் செலுத்துங்கள், விரலால் தட்டுங்கள், திருப்பிப் பாருங்கள், திரும்பவும் செலுத்துங்கள். இது இதயத்தின் இடது பக்கம், வடிகட்ட நுரையீரல் குறுக்கே இல்லை. தப்பிய குமிழி நேராக மூளைக்கோ இதயத்தின் சொந்த ரத்தக்குழாய்க்கோ போகும். மொத்த வேலையில் பாதி நேரம் இதற்கே போனாலும் பரவாயில்லை.

அப்புறம் கைடுவயர், அதாவது பம்ப் வழிதவறாமல் ஏறிப் போக உதவும் மெல்லிய கம்பி. 0.018 அங்குலம், அரை மி.மீ. கூட இல்லை. இம்பெல்லாவில் பன்றிவால் மாதிரி சுருண்ட முனையிலிருந்து சிவப்பு நிறத்தில் ஒரு மெல்லிய குழாய் முன்பே செருகியிருக்கும். வயரை அதற்குள் விட்டால் பம்ப் வழியே தானாக வந்துவிடும், பிறகு அந்தச் சிவப்புக் குழாயை உருவி எடுத்துவிடலாம். அது இல்லாமல் கோத்துப் பார்த்தால்தான் அதன் அருமை தெரியும்.

பம்ப் இடத்தில் உட்கார்ந்ததும் வயரை முழுக்க வெளியே எடுத்த பிறகே மோட்டாரை ஓடவிட வேண்டும்.