எதிரணிப் பயிற்சிக்கு மேலே ட்ரோன்: அணிகள் செய்யும் தவறுகளும் நாம் செய்யும் தவறுகளும்

2024 ஜூலை 22 அன்று பிரான்ஸின் சான்-எத்தியன் நகரில் நியூசிலாந்து மகளிர் கால்பந்து அணி பயிற்சி செய்துகொண்டிருந்தபோது மைதானத்துக்கு மேலே ஒரு ட்ரோன் பறந்தது. அணியினர் போலீஸுக்குச் சொன்னார்கள். அதை இயக்கியவர் பிடிபட்டார். அவர் கனடா அணிக்கு வேலை செய்யும் ஆட்டப் பகுப்பாய்வாளர். பாரிஸ் ஒலிம்பிக்கில் கனடாவின் முதல் ஆட்டம் மூன்று நாளில் இதே நியூசிலாந்துடன்தான். அதுவும் கனடா டோக்கியோவில் தங்கம் வென்று நடப்புச் சாம்பியனாக வந்திருந்த நேரம்.

வேவு விவகாரம் ஒன்று வெடித்தால் பயிற்சியாளர்களும் நிர்வாகிகளும் ரசிகர்களும் எங்கெங்கே சறுக்குவார்கள் என்பதைக் காட்ட இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

ஒருவர் தலையில் கட்டிவிட்டு நகர்வது

முதலில் என்ன நடந்தது? பகுப்பாய்வாளரும் ஒரு துணைப் பயிற்சியாளரும் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். தலைமைப் பயிற்சியாளர் பெவ் பிரீஸ்ட்மன் மன்னிப்புக் கேட்டு, முதல் ஆட்டத்துக்கு மட்டும் தாமாகவே ஒதுங்கிக்கொண்டார். அத்துடன் விஷயம் அடங்கிவிடும் என்று நினைத்திருக்கலாம். முதல் ஆட்டம் முடிந்த கையோடு, பாரிஸ் ஒலிம்பிக்குக்கு முன்பும் எதிரணிகள் மீது ட்ரோன் பறந்திருக்கிறது என்ற தகவல் வந்திருப்பதாகச் சொல்லி கனடா கால்பந்துச் சங்கமே அவரை இடைநீக்கம் செய்தது. ஜூலை 27 அன்று உலகக் கால்பந்துச் சம்மேளனமான ஃபிஃபா தீர்ப்புச் சொன்னது: ஆறு புள்ளிகள் பறிப்பு, சங்கத்துக்கு 2,00,000 சுவிஸ் ஃபிராங்க் அபராதம், மூன்று பேருக்கும் ஓராண்டுத் தடை.

அந்த வழக்கின் ஆவணங்களில் பிரீஸ்ட்மனின் ஒரு மின்னஞ்சல் இருந்தது. இது பகுப்பாய்வாளர்கள் எப்போதும் செய்துவரும் வேலை என்றும், ஆடவர் அணியிலும் இதற்கென ஓர் ஏற்பாடு இருக்கிறது என்றும் பொருள்பட அதில் எழுதியிருந்தார். நவம்பரில் வெளியான சுயேச்சை விசாரணை அறிக்கையும் அதையே சொன்னது: முந்தைய தலைமைகளிடமிருந்து வந்த பழக்கம்; சில உதவியாளர்களுக்கு மனம் ஒப்பவில்லை, ஆனாலும் தலைமைப் பயிற்சியாளரை எதிர்த்துப் பேச முடியவில்லை.

ட்ரோனை இயக்கும் கை யாருடையதாக இருந்தாலும், அதை அனுப்பச் சொல்லும் வழக்கம் அலுவலகத்தில்தான் உருவாகிறது. படமெடுத்தவரை மட்டும் வீட்டுக்கு அனுப்பும் சங்கம், அடுத்த தொடரில் அதே வேலைக்கு இன்னொருவரைத் தேடிக்கொண்டிருக்கும்.

“விதியில் இல்லையே” என்று வாதாடுவது

ஒலிம்பிக் விஷயத்தில் இந்த வாதத்துக்கே இடமில்லை. பயிற்சித் திடல்களுக்கு மேல் ட்ரோன் பறக்கக்கூடாது என்ற தடை போட்டியின் விதிகளிலேயே இருந்தது. அதைத் தன் ஆட்கள் மதிக்கும்படி பார்த்துக்கொள்ளாததுதான் கனடா சங்கத்தின் மீது நிரூபிக்கப்பட்ட குற்றம்.

ஆனால் விதி வாயைத் திறக்காத இடத்திலும் தப்ப முடியாது. 2019 ஜனவரியில் இங்கிலாந்தில் லீட்ஸ் யுனைடெட் அணியின் ஊழியர் ஒருவர் டெர்பி கவுன்டியின் பயிற்சி மைதானத்துக்கு வெளியே நின்று நோட்டம் பார்த்தார். ட்ரோன் இல்லை. போலீஸார் விசாரித்து அனுப்பிவிட்டார்கள். சட்டப்படி அவர் பெரிய குற்றம் எதுவும் செய்திருக்கவில்லை. பயிற்சியாளர் மார்செலோ பியெல்சா, ஆளை அனுப்பியது தான்தான் என்று மறைக்காமல் சொன்னார். மற்ற எதிரணிகளின் பயிற்சியையும் பார்க்க ஆள் அனுப்பியதாகவும் தானே முன்வந்து ஒப்புக்கொண்டார். அவர் வந்த அர்ஜென்டினா கால்பந்தில் இதை யாரும் பெரிய பாவமாக நினைப்பதில்லை. ஆனாலும் அணிகள் ஒன்றுக்கொன்று நல்லெண்ணத்துடன் நடந்துகொள்ள வேண்டும் என்ற பொதுவான விதியைக் காட்டி லீக் நிர்வாகம் 2,00,000 பவுண்ட் அபராதம் போட்டது. பியெல்சா அதைத் தன் கையிலிருந்தே கட்டினார். பிறகு, ஆட்டத்துக்கு முந்தைய 72 மணி நேரத்தில் எதிரணியின் பயிற்சியைப் பார்க்கக்கூடாது என்று தனி விதியே எழுதப்பட்டது.

நாட்டின் சட்டமும் போட்டியின் விதியும் வெவ்வேறு தடங்களில் ஓடுகின்றன என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். சான்-எத்தியனில் பிடிபட்டவருக்கு பிரெஞ்சு நீதிமன்றம் எட்டு மாத ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை கொடுத்தது. ஃபிஃபாவின் தடை அதற்கு மேல், தனிக்கணக்கு.

“எல்லாரும்தான் செய்கிறார்கள்”

சிலர் செய்கிறார்கள் என்பது உண்மைதான். 2018 டிசம்பரில் ஜெர்மனியில் ஹோஃபன்ஹைமின் பயிற்சிக்கு மேல் பறந்த ட்ரோன் வெர்டர் பிரேமன் ஊழியருடையது என்று அந்த அணியின் நிர்வாகி ஃபிராங்க் பவுமன் ஒப்புக்கொண்டார். ஆனால் பிடிபட்ட பிறகு இந்த வாதத்தை எடுத்து நீட்டுபவர், தானும் பல முறை செய்திருப்பதாகத் தானே வாக்குமூலம் கொடுக்கிறார். கனடாவில் கிட்டத்தட்ட அதுதான் நடந்தது.

கிடைக்கும் தகவலை அளவுக்கு மீறி மதிப்பது

மேலிருந்து பார்த்தால் என்ன தெரியும்? தற்காப்பு வரிசைக்கும் நடுக்களத்துக்கும் இடையே எவ்வளவு தூரம் விடுகிறார்கள், கார்னர் கிக்குக்கு யார் எங்கே ஓடுகிறார்கள், முதல் பதினொருவரில் யார் யார் என்பவை தெரியும். இவற்றுக்கு மதிப்பில்லை என்று சொல்ல மாட்டேன். கார்னரில் விழும் ஒரு கோல் போதும் ஆட்டத்தை முடிக்க. ஆனால் இவற்றில் பெரும்பகுதி பழைய ஆட்டங்களின் வீடியோவிலேயே கிடைக்கிறது.

இதற்குச் சாட்சி பியெல்சாவே. சர்ச்சை கிளம்பியதும் செய்தியாளர்களை உட்காரவைத்து, டெர்பியின் முந்தைய பருவத்து 51 ஆட்டங்களையும் தன் குழு பிரித்து ஆராய்ந்ததைத் திரையில் போட்டுக் காட்டினார். ஓர் ஆட்டத்துக்கு நான்கு மணி நேர வேலை. இவ்வளவு செய்பவருக்கு வேலியோரம் ஓர் ஆள் எதற்கு? எதையோ விட்டுவிட்டோமோ என்ற பதற்றம்தான் என்று அவரே சொன்னார். அந்த வாரம் லீட்ஸ் 2-0 என வென்றது. அதே பருவத்தின் முடிவில், மேல் லீகுக்கு உயர்வதற்கான பிளே-ஆஃப் அரையிறுதியில் லீட்ஸை வெளியேற்றியது அதே டெர்பி.

தண்டனையை வீராங்கனைகள் மீது திருப்புவது

கனடா வீராங்கனைகளையும் ஏமாற்றுக்காரர்கள் என்று இணையத்தில் பலர் எழுதினார்கள். இதில் அவர்களுக்குப் பங்கில்லை என்றே விசாரணை கண்டது. புள்ளிப் பறிப்பை எதிர்த்து விளையாட்டு நடுவர் நீதிமன்றத்துக்குப் போனது கனடா. செய்யாத தவறுக்கு வீராங்கனைகள் ஏன் தண்டனை சுமக்க வேண்டும் என்று கேட்டது. ஜூலை 31 அன்று முறையீடு தள்ளுபடியானது.

எனக்கு இதில் இரு மனம். அபராதத்தைச் சங்கம் எப்படியாவது கட்டிவிடும், புள்ளி போனால்தான் வலிக்கும் என்பது புரிகிறது. வலித்தது யாருக்கு என்று பார்த்தால் அந்த நியாயம் கொஞ்சம் கசக்கிறது. நியூசிலாந்தை வென்ற பிறகும் கணக்கில் மைனஸ் மூன்று. பிரான்ஸுக்கு எதிரே 90 நிமிடம் தாண்டி, நடுவர் சேர்த்த நேரத்தின் கடைசிக் கட்டத்தில் வனெசா ஜில் அடித்த கோலால் 2-1. கொலம்பியாவை 1-0. மூன்று ஆட்டம், மூன்று வெற்றி, மூன்றே புள்ளி. ஆனாலும் பிரிவில் இரண்டாம் இடம் பிடித்தார்கள். காலிறுதியில் ஜெர்மனியிடம் பெனால்டியில் தோற்றார்கள்.

பார்க்கப்படும் அணி செய்யும் தவறுகள்

ட்ரோனைக் கண்டதும் பந்தை எறிவதும் கல்லை எறிவதும் வேண்டாம். விழுந்தால் தலையில் விழும். உடைத்தவர் மீதே வழக்கும் வரலாம். பயிற்சியை நிறுத்துங்கள், நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், அது எந்தத் திசைக்குத் திரும்புகிறது என்று பாருங்கள், போலீஸைக் கூப்பிடுங்கள். சிறிய ட்ரோன்களின் பேட்டரி பெரும்பாலும் அரை மணி நேரம் போலத்தான் தாங்கும் என்பதால் இயக்குபவர் பெரும்பாலும் பக்கத்தில்தான் இருப்பார். நியூசிலாந்து அணி அழுதுபுலம்பாமல் போலீஸையும் ஒலிம்பிக் அமைப்பையும் உடனே அணுகியதால்தான் விஷயம் இவ்வளவு தூரம் வந்தது.

பறப்பதெல்லாம் உளவு என்று கத்துவதும் தவறுதான். 2014 உலகக் கோப்பையில் பிரான்ஸ் அணியின் பயிற்சிக்கு மேல் ஒரு ட்ரோன் பறந்ததாக அதன் பயிற்சியாளர் திதியே தெஷாம் சொன்னபோது உலகமே அவர்களின் முதல் எதிரணியான ஹோண்டுராஸைச் சந்தேகத்துடன் பார்த்தது. ஆர்வக்கோளாறில் பறக்கவிட்ட ரசிகராகவும் இருக்கலாம் என்ற பேச்சும் அப்போதே அடிபட்டது.

செய்யச் சொன்னால் வாய்மொழியாக மழுப்புவது

பகுப்பாய்வு வேலைக்கு வரும் இளைஞர்களுக்கு இது. 2024 மார்ச்சில், பாரிஸுக்கு நான்கு மாதம் முன்பு, கனடா அணியின் பகுப்பாய்வாளர் ஒருவர் இனி வேவு பார்க்க மாட்டேன் என்று எழுத்திலேயே சொல்லிவிட்டார். அவரை என்ன செய்வது என்று ஆலோசனை கேட்டுத்தான் பிரீஸ்ட்மன் அந்த மின்னஞ்சலை எழுதினார். மறுப்புக்கு அந்தப் பகுப்பாய்வாளர் மூன்று காரணங்கள் கொடுத்திருந்தார்: மனசாட்சி, இந்தத் துறையில் தன் பெயர், பிடிபட்டால் ஆட்ட நாளில் தன் வேலையைச் செய்ய முடியாமல் போகும் என்பது.