ஊர் விழிப்புக் குழு தொடங்குகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

யாழ்ப்பாணத்தில் எங்கள் பக்கத்து ஊர்களில் மறுபடியும் விழிப்புக் குழுக்கள் தொடங்குகிறார்கள். ஒரு களவு நடக்கும். சனசமூக நிலையத்தில் கூட்டம் வைப்பார்கள். விதானையாரும் (கிராம சேவையாளர்) பொலிஸாரும் வந்து பேசிவிட்டுப் போவார்கள். தலைவர், செயலாளர் தெரிவாகி, அடுத்த கிழமையே வாட்ஸ்அப் குழுவும் பிறந்துவிடும். சிவில் பாதுகாப்புக் குழு என்று சொன்ன காலத்திலிருந்து பிரஜா பொலிஸ் குழு என்கிற காலம் வரை இந்த வேலைக்குள் கிடக்கிறேன். நாங்கள் அந்த நாளில் சறுக்கிய அதே இடங்களில்தான் இப்போது வருகிற பெடியளும் சறுக்குகிறார்கள். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

கதவைப் பூட்டுங்கள், நகை போட்டுக்கொண்டு தனியே போகாதீர்கள் என்பதெல்லாம் இதில் இல்லை. அது உங்கள் அம்மம்மாவே சொல்லியிருப்பார்.

முறைப்பாடு போடாமல் விடுவது

இதைப் பற்றித்தான் கூட எழுதப்போகிறேன். மற்றத் தவறுகளின் பலனை அன்றைக்கே அனுபவிப்பீர்கள், இதன் பலன் பிறகுதான் தெரியும்.

யாழ்ப்பாண மாவட்டத்தில் 435 கிராம சேவையாளர் பிரிவுகள் இருக்கின்றன. ஒவ்வொரு ஒழுங்கைக்கும் விடிய விடிய ஜீப் விட எந்தப் பொலிஸாலும் ஏலாது. இருக்கிற ஆட்களையும் வாகனங்களையும் எங்கே போடுவது என்று முடிவெடுக்க, அவர்கள் முதலில் பார்ப்பது முறைப்பாடுகளைத்தான். எந்தச் சந்தியில் சங்கிலி அறுத்தார்கள், எத்தனை மணிக்கு, என்ன நிற மோட்டார் சைக்கிள், எந்தப் பக்கம் ஓடினார்கள் என்று நாலு பதிவு ஒரே மாதிரி விழுந்தால் ரோந்து அந்தப் பக்கம் திரும்பும், சிவில் உடையில் ஆள் நிற்கும். புத்தகத்தில் ஏறாத களவு அவர்கள் கணக்கில் நடக்கவே இல்லை.

ஒரு வெங்காயக் காலத்தில் எங்கள் பக்கத் தோட்டக் கிணறுகளில் தண்ணீர் மோட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் காணாமல் போயின. வெங்காயம் நட்ட கையோடு மோட்டர் போனால் என்ன பாடு என்று தோட்டம் செய்கிறவருக்குத் தெரியும். கூட்டம் வைத்தோம். ஆளாளுக்குப் பொலிஸைத் திட்டித் தீர்த்தார்கள். பொறுப்பதிகாரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “இதிலை எத்தினை பேர் என்ட்றி போட்டனீங்கள்?” என்றார். ஒரே ஒரு கைதான் உயர்ந்தது. அவரும் மோட்டரைக் கடனுக்கு எடுத்தவர், கடன் கொடுத்த இடத்தில் முறைப்பாட்டுப் பிரதி கேட்டதால் போட்டவர். “புத்தகத்தின்படி உங்கட பக்கம்தான் எங்களுக்குக் கரைச்சல் இல்லாத பக்கம். அதுதான் ஜீப் மற்றப் பக்கம் போகுது” என்றார் அதிகாரி. சபையில் எல்லாருக்கும் கோபம் வந்தது. ஆனால் பதில் சொல்ல ஒருவராலும் முடியவில்லை.

போடாமல் விடுவதற்குக் காரணங்கள் இல்லாமல் இல்லை. அரை நாள் வேலை கெடும். எடுத்தவன் தெரிந்த வீட்டுப் பெடியனாக இருப்பான். காட்டிக்கொடுத்தால் வாளோடு வருவானோ என்ற பயம் இருக்கும், வாள்வெட்டுகளைக் கண்ட ஊரில் அதை வீண் பயம் என்று நான் சொல்லமாட்டேன். போர்க் காலத்தைக் கண்ட வயதானவர்களுக்குப் பொலிஸ் நிலைய வாசலை மிதிப்பதே நெஞ்சிடியான விஷயம். சரி, இதற்கெல்லாம் என்ன செய்வது? தனியே போகத் தயங்குகிறவரோடு இரண்டு பேர் கூடப் போங்கள். குழு என்று ஒன்று இருப்பதே இதற்குத்தான். சாட்சி சொல்பவரை மிரட்டுவது தனிக் குற்றம் என்று 2015ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. மிரட்டினால் அதையும் ஒரு முறைப்பாடாகப் போடுங்கள்.

முறைப்பாடே போடாததைவிட மோசமான ஒன்று உண்டு. களவைத் தொலைந்ததாகப் பதிவது.

எங்கள் ஊர் ஆசிரியை ஒருவரின் கைப்பையை மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் பறித்துக்கொண்டு போனார்கள். உள்ளே அடையாள அட்டை, வங்கி அட்டை, போன், கொஞ்சம் காசு. புது அடையாள அட்டை எடுக்கப் பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி தேவை. அதற்காகப் போகப் புறப்பட்டவரிடம் ஒரு பெரியவர், “பறிச்சது எண்டு சொன்னால் கோடு கச்சேரி எண்டு இழுப்பாங்கள் பிள்ளை. துலைஞ்சு போச்சுது எண்டு சொல்லு, கெதியா முடிஞ்சிடும்” என்று புத்தி சொன்னார். கெதியாகத்தான் முடிந்தது. போன் கருவியின் அடையாள இலக்கத்தை (IMEI) கூட யாரும் கேட்கவில்லை, இவரும் கொடுக்கவில்லை. பிறகு வேறொரு பறிப்பில் இரண்டு பேர் பிடிபட்டார்கள். ஆசிரியை படத்தைப் பார்த்த உடனேயே ஆளை அடையாளம் சொன்னார். என்ன பயன்? பதிவின்படி அவருடைய பை வீதியில் எங்கோ விழுந்த பை. அதைத் திருத்தப் போனால், “அண்டைக்கு ஏன் பொய் சொன்னனீங்கள்?” என்ற கேள்விதான் முதலில் வரும். அவர் பேசாமல் விட்டுவிட்டார். அந்தப் பெரியவர் எங்கள் குழுவின் ஆலோசகர் வேறு! இன்றைக்கும் கூட்டத்தில் அவர் ஆலோசனை சொல்ல எழும்பினால் எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

அடுத்தது மொழி. சிங்களத்தில் எழுதப்பட்ட பக்கத்தின் அடியில், என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் கையெழுத்து வைத்துவிட்டு வருகிறவர்கள் இப்போதும் இருக்கிறார்கள். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109ஆம் பிரிவை ஒருமுறை வாசியுங்கள். வாயால் சொல்கிற தகவலைச் சொன்ன மொழியிலேயே எழுதி, வாசித்துக் காட்ட வேண்டும். அங்கே இருக்கிற அலுவலருக்கு அந்த மொழியில் எழுத முடியாவிட்டால், முறைப்பாட்டாளரையே அவர் விரும்பிய மொழியில் எழுதித் தரும்படி கேட்க வேண்டும். ஆகவே வீட்டிலேயே ஆறுதலாக இருந்து தமிழில் எழுதிக்கொண்டு போங்கள். அங்கே போய்ச் சட்டம் பேசிச் சண்டை பிடிக்கத் தேவையில்லை, எழுதிய தாளை நீட்டினாலே பாதிக் கரைச்சல் தீரும்.

அந்தத் தாளில் “சங்கிலி ஒன்று, மூன்று பவுண்” என்று மட்டும் எழுதினால் போதாது. கலியாண அல்பத்தில் அந்தச் சங்கிலி தெளிவாகத் தெரிகிற படம் ஒன்று இருக்கும், அதைப் பிரதி எடுங்கள். எப்போதாவது அடைவு வைத்திருந்தால் பழைய துண்டைத் தேடுங்கள். நிறை கிராம் கணக்கில் அதில் எழுதியிருக்கும். தண்ணீர் மோட்டரில் ஒட்டியிருக்கிற சிறிய தகட்டை இப்போதே போனில் படம் எடுத்து வையுங்கள். எண்ணெயும் மண்ணும் பிடித்திருக்கும், துடைத்துவிட்டு எடுங்கள். போனில் *#06# அழுத்தினால் வருகிற 15 இலக்க IMEI எண்ணை வாங்கிய பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் எழுதுங்கள். போன் களவு போன பிறகு அதே போனில் அழுத்திப் பார்க்க முடியாது என்பதைச் சொன்னால் சிரிக்கிறார்கள், ஆனால் எழுதி வைத்த ஒருவரையும் நான் இன்னும் கூட்டத்தில் காணவில்லை. கடைசியாக, முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் வாங்கிக் குழுவின் கொப்பியில் ஏற்றுங்கள். அடுத்த கூட்டத்தில் அதிகாரியிடம் “களவு கூடிப்போச்சு” என்று புலம்புவதைவிட, இந்த இந்த இலக்கங்கள் என்ன ஆயின என்று கேட்பது வேலை செய்யும்.

பிடித்தவனைக் கட்டி வைத்து அடிப்பது

பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றத்தை உங்கள் கண்முன்னே ஒருவர் செய்தால் நீங்களே பிடிக்கலாம். அதே சட்டக்கோவையின் 35ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. பிடித்தவரைத் தாமதிக்காமல் பொலிஸாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. அதற்கு இடையில் மின்கம்பம், கயிறு, வீடியோ எதுவும் இல்லை. அடித்தால் ஆள் ஆஸ்பத்திரிக்குப் போவான், சட்ட வைத்திய அதிகாரி காயங்களை எழுதுவார், நீங்கள் ஆசையாக எடுத்த வீடியோவே உங்களுக்கு எதிரான சாட்சியாகும். கோழி பிடித்தவன் பிணையில் வெளியே வர, அவனை அடித்த பெடியள் விளக்கமறியலில் இருந்த கதை எனக்குத் தெரியும். அதில் ஒருவன் வெளிநாடு போக அலுவல் பார்த்துக்கொண்டிருந்தவன்.

பிடிபடுகிறவர் எப்போதும் கள்ளனாக இருப்பதும் இல்லை. மனநலம் சரியில்லாமல் அலைகிறவர், வழி தவறிய வியாபாரி, ஒழுங்கைக்குள் யாரையோ பார்க்க வந்த இளம் பெடியன், எல்லாரும் அடி வாங்கியிருக்கிறார்கள். உடம்பில் கிறீஸ் பூசிய மர்ம ஆட்கள் இரவில் வருகிறார்கள் என்ற கிறீஸ் பூதம் பீதி 2011 ஓகஸ்டில் நாடு முழுக்கப் பரவியபோது வேற்றாளாகத் தெரிவதே குற்றமாகிவிட்டிருந்தது. அந்த மாதம் யாழ்ப்பாணம் நாவாந்துறையில் சனத்துக்கும் படையினருக்கும் முறுகல் வந்து, இரவோடிரவாகப் பெருந்தொகையானோர் கைதானார்கள். இரவில் பீதி கிளம்பினால் குழுவின் முதல் வேலை ஆட்களை வீட்டுக்கு அனுப்புவது.

தடி, கம்பியோடு இரவு ரோந்து

வேண்டாம். டோர்ச் லைற்றும் போனும் காணும். அவசரத்துக்கு 119, வடக்கில் தமிழில் கதைக்க 107.

கமரா பூட்டிவிட்டால் காணும் என்பது

கனடாவில் இருக்கிற மருமகன் காசு அனுப்புவார், கமரா வரும். அது நேரே படலையைப் பார்த்தபடி இருக்கும். வருகிறவன் பின்வேலியால் வருவான். வீதிக் கமராவாக இருந்தால் மேலே லைற் எரியாது, இரவில் ஹெட்லைற் வெளிச்சத்தில் நம்பர் பிளேட் வெள்ளைப் பொட்டாக மட்டும் தெரியும். பிரதேச சபையிடம் முதலில் கேட்க வேண்டியது வீதி விளக்கு, பிறகுதான் கமரா. பதிவுப் பெட்டியை ரீவிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், ரீவியோடு சேர்த்து அதையும் தூக்கிக்கொண்டு போவார்கள். மின் தடைக்குப் பிறகு நேரம் சரியா என்று பாருங்கள். நேரம் பிழையான பதிவை வைத்து எதிர்த்தரப்புச் சட்டத்தரணி ஒரு மணித்தியாலம் விளையாடுவார். சம்பவம் நடந்தால் அன்றைக்கே பிரதி எடுங்கள், பழையதன்மேல் புதியது தானாக ஏறி அழிந்துவிடும்.

கூட்டத்தில் பேர் சொல்வது

கஞ்சா, ஐஸ் போதைப்பொருள் யார் விற்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். அதைச் சபையில் எழும்பி நின்று சொல்கிற வீரர் ஒருவர் ஒவ்வொரு ஊரிலும் இருப்பார். கதிரைகளை அடுக்கி முடிப்பதற்குள் விற்கிறவனுக்குச் செய்தி போய்விடும். சொல்ல வேண்டியதைத் தனியே, பொலிஸ் நிலையத்துக்கு வெளியே, அதுவும் பொறுப்பான ஒருவரிடம் மட்டும் சொல்லுங்கள். பாவிக்கிற பிள்ளையையும் விற்கிறவனையும் ஒரே பட்டியலில் போடாதீர்கள். பிள்ளையின் தாய் அதற்குப் பிறகு உங்களோடு எதையும் கதைக்கமாட்டார், விற்கிறவனைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள் பெரும்பாலும் அந்தத் தாயாகத்தான் இருப்பார்.

சமாதானம் பேசக் கூடாததில் பேசுவது

வேலிச் சண்டை, மாடு பயிர் மேய்ந்தது, கைமாற்றுக் காசு எல்லாம் பேசித் தீர்க்கலாம். அதற்கு 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மத்தியஸ்த சபைகள் இருக்கின்றன, அங்கே அனுப்புங்கள். குழு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது என்ற பேர் வந்தால் மற்றப் பக்கம் இருபது வீடு உங்களைத் திரும்பிப் பார்க்காது.

ஆனால் வீட்டுக்குள் பெண் அடி வாங்குவதையும் பிள்ளைக்கு நடந்த துஷ்பிரயோகத்தையும் “குடும்ப மானம்” என்று மூடிக் கட்டுவதற்குக் குழுவுக்கு எந்த உரிமையும் இல்லை. கோயில் தலைவர் வந்து கேட்டாலும் இல்லை. உதவிக்கு அழைக்கும் இலக்கம் பெண்களுக்கு 1938, சிறுவர்களுக்கு 1929. பொலிஸ் நிலையத்தில் பெண்கள், சிறுவர் பிரிவு தனியே இருக்கிறது, நேரே அங்கே போங்கள்.

வாட்ஸ்அப்பில் சந்தேகநபர் படம்

போடாதீர்கள்.

ஒரே அதிகாரியை நம்புவது

நல்ல பொறுப்பதிகாரி ஒருவர் வாய்த்தால் குழு உச்சத்தில் நிற்கும். அவருக்கு இடமாற்றம் வந்தால் எல்லாம் படுத்துவிடும். இலங்கையில் இடமாற்றம் கட்டாயம் வரும். புதியவரிடம் போய் “முந்தி இருந்த ஐயா எண்டால்…” என்று தொடங்காதீர்கள், அவருக்கு அது பிடிக்காது. கொப்பியைக் கொண்டுபோங்கள்.

வெளிநாட்டு வீடுகளை மறப்பது

பற்றை மூடிய காணியும் பூட்டிக் கிடக்கிற மாடி வீடும் இல்லாத ஒழுங்கை இங்கே குறைவு. களவு நடந்ததே நல்லூர்த் திருவிழாவுக்கு ஆட்கள் வந்து கதவைத் திறக்கும்போதுதான் தெரியவரும். அப்போது எந்த மாதம் நடந்தது என்றே யாருக்கும் தெரியாது, பொலிஸாருக்கு எழுதவும் ஒன்றும் இராது. வீட்டைப் பார்க்கிற ஒருவரின் பேரில் உரிமையாளரிடம் இப்போதே கடிதம் வாங்குங்கள், சாமான்களின் படங்களோடு. மாதத்துக்கு ஒருமுறை அந்த ஆள் உள்ளே போய்ப் பார்த்துவிட்டுக் கொப்பியில் திகதி போடட்டும். பற்றையை வெட்ட உரிமையாளர் காசு அனுப்பாவிட்டால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள். டெங்கு என்றால் கள்ளனைவிட வேகமாக நடவடிக்கை வரும்.