ரோஜாப் பாத்தியும் மணல் குழியும்: என் அனுபவம்

ஏற்காட்டில் எங்கள் வீட்டுக்கு மணி வந்தபோது அவனுக்கு இரண்டு மாதம். ஜாக் ரஸ்ஸல் டெரியர் இன நாய்க்குட்டி. ஏழாவது மாதத்தில் அம்மா ஆசையாக வைத்த ரோஜாப் பாத்தி முழுக்கக் குழி. அதட்டினோம், கட்டிப்போட்டோம். கட்டிப்போட்டால் குரைப்பு கூடியது. அவிழ்த்ததும் நேராகப் பாத்திக்குத்தான் ஓடினான்.

இந்த இனத்தை 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் உருவாக்கியதே, வளைக்குள் பதுங்கும் நரியை வெளியே விரட்டத்தான். டெரியர் என்ற பெயரே மண்ணைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அது தெரிந்த பிறகு அவன்மேல் இருந்த கோபம் போய்விட்டது. தோண்டுவது அவன் பிறவிக் குணம். இடம் கொடுக்காதது நாங்கள்தானே?

கொல்லையில் நாலடிக்கு நாலடி செங்கல் அடுக்கி, சலித்த மணலைக் கொட்டினேன். முதல் நாள் அவன் பார்க்கும்போதே ஒரு பிஸ்கட்டை மேலாகப் புதைத்தேன். அப்புறம் தினமும் கொஞ்சம் ஆழமாக: எலும்பில்லாத வெந்த கோழித்துண்டு, பழைய பந்து, கயிற்று முடிச்சு. பாத்திக்குப் போனால் திட்டாமல் தூக்கி வந்து மணலில் விட்டேன். பாத்தியைச் சுற்றிக் கம்பிவலையும் போட்டேன். அதில்லாமல் முடிந்திருக்காது. மூன்று வாரம் ஆனது.

காலையில் முக்கால் மணி நேரம் நடை. காபித் தோட்டத்து ஓரம் மட்டும் கயிற்றை அவிழ்ப்பதில்லை. உதிர்ந்த காபிப் பழத்தில் இருக்கும் காஃபின் நாய்க்கு விஷம்.

இப்போது ஒன்றரை வயது. மதியத்தில் அந்த மணலிலேயே சுருண்டு தூங்குகிறான்.