தொற்றுநோயில் நாள் எண்ணும்போது செய்யும் தவறுகள்

வீட்டில் ஒருவருக்கு டெங்கு. மூன்றாம் நாள் இன்னொருவருக்கும் காய்ச்சல் வந்தால், "அவர்கிட்டேர்ந்து இவருக்கு ஒட்டிக்கிச்சு" என்று தெருவே தீர்ப்புச் சொல்லிவிடும். நாள் கணக்கு இதற்கு ஒத்துவராது. நோயாளியைக் கடித்த ஏடிஸ் கொசு உடனே அடுத்தவருக்கு வைரஸைக் கொடுத்துவிடாது. கொசுவின் குடலில் பெருகி உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போய்ச் சேர வைரஸுக்குச் சுமார் 8 முதல் 12 நாள் வேண்டும். அந்தக் கொசு கடித்த பிறகு காய்ச்சல் வர 4 முதல் 10 நாள். ஆக, முதலாமவரிடமிருந்து கிளம்பிய டெங்கு அடுத்தவரைப் படுக்க வைக்க வழக்கமாக இரண்டு, மூன்று வாரம் ஆகும். மூன்று நாள் இடைவெளியில் விழுந்த இருவரும் பெரும்பாலும் ஒரே கொசுவிடமோ, ஒரே தொட்டியில் பிறந்த கொசுக்களிடமோ கடிபட்டவர்கள்.

இதைத் தவறாகப் புரிந்துகொண்டால் வேலையும் தவறான இடத்தில் நடக்கும். நோயாளியின் தட்டு, டம்ளரைத் தனியாக வைப்பதால் பயன் இல்லை. காய்ச்சலின் முதல் ஐந்து நாள் அவரைக் கொசு கடிக்காமல் பார்த்துக்கொள்வதுதான் பயன். ஏடிஸ் பகலில் கடிப்பது, அதனால் வலை பகலிலும் வேண்டும். முட்டை கொசுவாக 7 முதல் 10 நாள் ஆகும் என்பதால்தான் வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டச் சொல்கிறார்கள். கொட்டினால் மட்டும் போதாது, தொட்டியின் உட்சுவரைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும். அங்கே ஒட்டியிருக்கும் முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் தண்ணீர் பட்டதும் பொரிக்கும்.

பரிசோதனையிலும் இதே குழப்பம் உண்டு. காய்ச்சலின் இரண்டாம் நாளில் ஐஜிஎம் (கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் ஓர் எதிர்ப்பொருள்) பார்த்து 'நெகட்டிவ்' என்றதும் நிம்மதி அடைகிறார்கள். அந்த எதிர்ப்பொருள் தெரியவே ஏறக்குறைய ஐந்தாம் நாள் ஆகும், அதற்கு முன் பார்க்க வேண்டியது வைரஸின் புரதமான என்எஸ்1. காய்ச்சல் இறங்கிவிட்டது என்று ஓய்வை விடுவது இதைவிட மோசம். டெங்குவின் ஆபத்துக் கட்டம் காய்ச்சல் தணியும் அந்த ஒன்றிரண்டு நாளில்தான் தொடங்குகிறது.

அடுத்த தவறு இரண்டு கடிகாரங்களை ஒன்றாக எண்ணிவிடுவது. கிருமி உள்ளே போனதிலிருந்து அறிகுறி தெரியும் வரை ஓடுவது ஒன்று, அதுதான் நோய் அரும்பும் காலம். ஒருவர் பிறருக்குப் பரப்பக்கூடிய நாட்கள் இன்னொன்று. சின்னம்மையில் கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே பரவல் தொடங்கிவிடும், தட்டம்மையில் தடிப்புக்கு நான்கு நாள் முன்பே. "அம்மை போட்ட அன்னைக்கே பிள்ளையை நிறுத்திட்டோம்" என்று பள்ளி சொல்வது உண்மைதான், ஆனால் வகுப்புக்குள் வேலை அதற்குள் முடிந்திருக்கும். 2003இல் சார்ஸ் என்ற சுவாச நோயை அடக்க முடிந்ததற்கு ஒரு காரணம், அது நோய் முற்றிய பிறகே அதிகம் பரவியது. கோவிட் அறிகுறிக்கு முன்பே பரவியதால், காய்ச்சல்காரரை மட்டும் தனிமைப்படுத்திய அதே உத்தி எடுபடவில்லை.

சின்னம்மை எப்போது முடிகிறது என்பதிலும் பிசகு நேர்கிறது. வேப்பிலை போட்டு மூன்றாம் தண்ணீர், ஐந்தாம் தண்ணீர் என்று ஊற்றும் வழக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் அந்த எண் வைரஸுக்குத் தெரியாது. புதுக் கொப்புளம் வருவது நின்று, இருப்பதெல்லாம் பொருக்குத் தட்டிய பிறகே பள்ளிக்கு அனுப்பலாம். அக்காவுக்கு வந்து எட்டு நாளாகியும் தம்பிக்கு வரவில்லையே, தப்பித்தான் என்பதும் அவசரம். அவனுக்கு 10 முதல் 21ஆம் நாள் வரை எப்போது வேண்டுமானாலும் வரலாம்.

இந்த இடைவெளிகளை முதலில் கண்டவர்கள் தேதியை மட்டும் வைத்துக் கண்டார்கள். 1846இல் வட அட்லாண்டிக் கடலில் இருக்கும் ஃபாரோ தீவுகளில் தட்டம்மை பரவியபோது 7,800 பேரில் சுமார் 6,000 பேர் படுத்தார்கள். டென்மார்க் அரசு அனுப்பிய இளம் மருத்துவர் பீட்டர் பானும், எந்த ஊருக்கு எந்தப் படகு எந்தத் தேதியில் வந்தது என்று விசாரித்து எழுதினார். 13, 14 நாள் கழித்துத் தடிப்பு வருவது ஊருக்கு ஊர் ஒத்துப்போனது. தினமும் யாராவது இருமும் நகரத்தில் இது புலப்பட்டிருக்காது. 1781இல் தட்டம்மை கண்ட முதியவர்களுக்கு 65 ஆண்டு கழித்தும் அது திரும்ப வரவில்லை என்பதையும் அவர் குறித்துவைத்தார்.

கல்யாண வீட்டுச் சாப்பாட்டில் நாள் மணியாகச் சுருங்குகிறது. வாந்தி வந்ததும் கடைசியாகத் தின்றதன் மேல் பழி போடுவது வழக்கம். பந்தி முடிந்து இரண்டு, மூன்று மணி நேரத்தில் பலர் வாந்தி எடுத்தால் ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியா உண்டாக்கும் நஞ்சைச் சந்தேகிக்கலாம். காய்ச்சலும் பேதியுமாக மறுநாள் வந்தால் சால்மொனெல்லா மாதிரி கிருமியாக இருக்கலாம், அப்போது காலையில் குடித்த டீயைக் குறை சொல்லிப் பயனில்லை. விசாரிக்கும்போது படுத்தவர்களை மட்டும் கேட்காதீர்கள். "நோயாளிகள் எல்லாரும் சாம்பார் சாப்பிட்டார்கள்" என்பது ஒன்றையும் நிரூபிக்காது, சாம்பார் ஊற்றாத இலை ஏது? நன்றாக இருப்பவர்களையும் கேட்டால்தான் விடை கிடைக்கும். தயிர்ப் பச்சடி சாப்பிட்ட 60 பேரில் 45 பேரும், தொடாத 40 பேரில் 2 பேரும் விழுந்திருந்தால் பச்சடியைப் பிடிக்கலாம்.

நோயாளிகளின் பட்டியல் எழுதும்போது அறிகுறி தொடங்கிய தேதிக்குத் தனிப் பத்தி போடுங்கள். மருத்துவமனைக்கு வந்த தேதியோ பரிசோதனை முடிவு வந்த தேதியோ அதற்கு ஈடாகாது. ஞாயிறு ஆய்வகம் மூடியிருந்தால் திங்களன்று எண்ணிக்கை எகிறும், நோய் எகிறியிருக்காது.

இறப்பு விகிதத்தைப் பரவலின் நடுவில் கணக்கிட்டால் குறைவாகத்தான் வரும். இன்று எண்ணும் நோயாளிகளில் பலருக்கு முடிவு இன்னும் தெரியாது. சார்ஸுக்கு முதலில் சுமார் 4 சதவீதம் என்றார்கள். எல்லாம் ஓய்ந்து எண்ணியபோது 8,096 பேரில் 774 பேர் இறந்திருந்தார்கள், 9.6 சதவீதம்.

பரவல் ஓய்ந்ததென்று அறிவிப்பதிலும் அவசரம் கூடாது. ஒரு வாரம் புது நோயாளி இல்லை என்பது போதாது. நோய் அரும்பும் காலத்தின் உச்ச அளவைப் போல் இரு மடங்கு நாள் காத்திருக்க வேண்டும். எபோலாவுக்கு அந்த உச்ச அளவு 21 நாள், அதனால் கடைசி நோயாளி குணமானதிலிருந்தோ இறந்ததிலிருந்தோ 42 நாள் எண்ணுகிறார்கள். 41ஆம் நாள் ஒருவருக்கு வந்தாலும் எண்ணிக்கை மறுபடி பூஜ்யத்திலிருந்துதான்.