பிரிட்டனுக்குப் படிக்கப் போகும் அமெரிக்கப் பிள்ளைகள் சறுக்கும் இடங்கள்

செப்டம்பர் வந்தால் லண்டனில் அமெரிக்க மாணவர்கள் வந்து இறங்குவார்கள். ஒரு செமஸ்டர் படித்துவிட்டுக் கிறிஸ்துமஸுக்கு ஊர் திரும்புகிறவர்கள். அறை காட்டுவது, சிம் வாங்கிக் கொடுப்பது, முதல் மாதம் முழுக்க அவர்கள் கேட்கும் கேள்விக்கெல்லாம் பதில் சொல்வது என் வேலை. நியூ ஜெர்சியிலும் டெக்சஸிலும் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளும் அதில் உண்டு. இந்த வருடமும் அதே சறுக்கல்கள்தான். பாதி நானே இங்கு வந்த புதிதில் செய்தவை.

லிஃப்டா எலிவேட்டரா, பிஸ்கட்டா குக்கியா, சாலை கடக்கும்போது எந்தப் பக்கம் முதலில் பார்ப்பது என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். ஒரு வாரத்தில் தானாக வந்துவிடும். தப்பாகச் சொன்னால் சிரிப்பார்கள், அவ்வளவுதான். சிரிக்காமல் விட்டுவிடுகிறார்களே, அந்தத் தவறுகள்தான் ஆபத்து. நியூயார்க்கில் வரிசைக்குக் குறுக்கே போனால் யாராவது சத்தம் போட்டுத் திருத்திவிடுவார்கள். இங்கே முகம் மாறாமல் "பரவாயில்லை" என்பார்கள். உண்மையில் பரவாயில்லையா என்பது அடுத்த வாரம்தான் தெரியும்.

தன் முறை வருமுன் பப்பிலிருந்து கிளம்புவது

எத்தனை முறை சொன்னாலும் யாரும் காதில் வாங்காத விஷயம் இது. எரிச்சலாக வருகிறது.

அமெரிக்காவில் 21 வயது வரை மது வாங்க முடியாது. பிரிட்டனில் 18 போதும். அதனால் அமெரிக்கப் பிள்ளைக்கு பப் என்பது வாழ்க்கையிலேயே முதல் அனுபவம். அங்கே மேஜையில் உட்கார்ந்து காத்திருந்தால் பெரும்பாலும் யாரும் வர மாட்டார்கள், நாம்தான் கவுண்டருக்குப் போய் வாங்க வேண்டும். நான்கு பேர் போனால் ஒருவர் எழுந்து, "என்ன வேண்டும்?" என்று எல்லோரையும் கேட்டு, எல்லோருக்கும் வாங்கி வருவார். கிளாஸ்கள் காலியாகும் நேரத்தில் அடுத்தவர் எழுவார். இதுதான் ரவுண்டு. நம் ஊர் டீக்கடையிலும் ஒருவர் எல்லோருக்கும் கொடுப்பார்தான்; ஆனால் அந்தக் கணக்கு மாதக்கணக்கில் ஓடும். இங்கே அன்று இரவே நேராக வேண்டும்.

இதை யாரும் வாய்விட்டு விளக்க மாட்டார்கள். அதற்காக லேசான வழக்கம் என்று எண்ண வேண்டாம். முதல் உலகப் போர் நடந்தபோது, ஆயுதத் தொழிலாளர்கள் குடித்துவிட்டு வேலையைக் கெடுக்கிறார்கள் என்று 1915-இல் அரசு பல பகுதிகளில் ரவுண்டு வாங்கவே தடை போட்டது. அடுத்தவருக்கு ஒரு கிளாஸ் வாங்கிக் கொடுத்தால் குற்றம்! சட்டம் போட்டு நிறுத்த வேண்டிய அளவுக்கு ஊறிப்போன பழக்கம்.

போன வருடம் ஒரு பையன். நல்ல பையன், கஞ்சனும் இல்லை. விடுதி நண்பர்கள் மூன்று பேருடன் பப்புக்குப் போனான். ஒருவர் வாங்கினார், குடித்தான். அடுத்தவர் வாங்கினார், குடித்தான். மூன்றாவதும் அப்படியே. அப்புறம் மணியைப் பார்த்தான், காலையில் வகுப்பு. "நான் எவ்வளவு தர வேண்டும்? செயலியில் அனுப்பிவிடுகிறேன்" என்றான். "அதெல்லாம் ஒன்றும் வேண்டாம், பரவாயில்லை" என்றார்கள். நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டான். என்ன தாராளமான மனிதர்கள் என்று மறுநாள் என்னிடம் சந்தோஷமாக வேறு சொன்னான்.

அதற்கப்புறம் அவனை எங்கேயும் கூப்பிடவில்லை. பப்புக்கு இல்லை, சினிமாவுக்கு இல்லை, ஞாயிற்றுக்கிழமை கால்பந்துக்கும் இல்லை. சண்டை கிடையாது, சமையலறையில் பார்த்தால் சிரிப்பார்கள். நவம்பரில் வந்து, "நான் ஏதாவது தப்பாகப் பேசிவிட்டேனா?" என்று கேட்டான். பிரிட்டனில் நண்பர்கள் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே வந்தவன், ஒரு ரவுண்டுக்கான காசில் ஒரு செமஸ்டரை இழந்தான். பணம் தருகிறேன் என்றானே என்று கேட்கலாம். அதுதான் இன்னும் மோசம். அவர்கள் எதிர்பார்த்தது காசு இல்லை, அவன் எழுந்து கவுண்டருக்குப் போவது.

சீக்கிரம் கிளம்ப வேண்டுமா? முதல் ரவுண்டை நீங்கள் வாங்குங்கள். குடிக்காதவரா? ஆரஞ்சு ஜூஸோ லெமனேடோ கேளுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்; ஆனால் உங்கள் முறையில் மற்றவர்களுக்கும் வாங்க வேண்டும். கையில் காசு குறைவாக இருந்தால் ஆரம்பத்திலேயே, முதல் கிளாஸ் வாங்குவதற்கு முன், "இன்று எனக்கு நானே வாங்கிக்கொள்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். அது முழு மரியாதை. நடுவில் சொன்னால் இல்லை.

கவுண்டரில் வரிசை இருக்காது, ஆனால் யார் முன்னால் வந்தார்கள் என்பது அங்கே நிற்கும் எல்லோருக்கும் தெரியும். நோட்டை ஆட்டிக் கூப்பிடாதீர்கள். உங்களை முதலில் கேட்டால், முன்னால் வந்தவரைக் கைகாட்டுங்கள். பட்டியலில் கின்னஸ் என்ற கறுப்பு பீர் இருந்தால் அதை முதலில் சொல்லுங்கள், அது ஊற்றி அடங்க நேரம் பிடிக்கும். இன்னொன்று: சைடர் என்பது அமெரிக்காவில் குடிக்கும் ஆப்பிள் சாறு இல்லை. இங்கே அது மது. பீர் ஊற்றும் அளவான பைன்ட்டும் இங்கே பெரிது, அமெரிக்க பைன்ட் 473 மி.லி., இங்கே 568.

நலம் விசாரிக்கிறார்கள் என்று நினைப்பது

"ஆல் ரைட்?" என்று கேட்டால் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. "ஆல் ரைட்" என்று திருப்பிச் சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள்.

65 மதிப்பெண்ணுக்கு அழுவது

இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களில் 70 எடுத்தாலே முதல் வகுப்பு. 65 நல்ல மதிப்பெண். 80-க்கு மேல் அபூர்வம். இதைத் தெரியாமல் நள்ளிரவில் அம்மாவுக்குப் போன் போட்டு அழுத பிள்ளைகள் உண்டு.

அழ வேண்டிய இடம் வேறு. கட்டுரையின் ஓரத்தில் ஆசிரியர் "குவைட் குட்" என்று எழுதியிருந்தால் அமெரிக்கப் பிள்ளை துள்ளிக் குதிக்கிறது. இங்கே அது பெரும்பாலும் "சுமார்". "இந்தப் பகுதியை இன்னொரு முறை பார்க்கலாமோ" என்று இருந்தால், அதை மாற்றி எழுதச் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். யோசனை போலத் தெரியும். யோசனை இல்லை.

அட்டையைத் தட்டாமல் வெளியேறுவது

லண்டன் பாதாள ரயில் நிலையத்துக்குள் போகும்போதும் வெளியே வரும்போதும் வங்கி அட்டையையோ போனையோ வாசல் கருவியில் தட்ட வேண்டும், இல்லையென்றால் அதிகபட்சக் கட்டணம் போய்விடும். உள்ளே போகும்போது போன், வெளியே வரும்போது அட்டை என்று மாற்றித் தட்டினால் இரண்டும் வேறு வேறு பயணமாகப் பதிவாகும், கணக்கு ஒன்றாக இருந்தாலும். பேருந்தில் ஏறும்போது மட்டும் போதும்.

முன்கூட்டி வாங்கும் மலிவான ரயில் டிக்கெட், அதில் குறிப்பிட்ட வண்டிக்கு மட்டும்தான். காலியாக இருக்கிறதே என்று முந்தைய வண்டியில் ஏறாதீர்கள்.

தேதியும் மாடியும்

இரண்டும் இந்தியக் கணக்குதான். 4/7 என்றால் ஜூலை 4. தாத்தாவிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

ஸ்காட்லாந்துக்காரரை இங்கிலீஷ்காரர் என்பது

வேண்டாம்.

வராத அழைப்புக்குப் போவது

"ஒரு நாள் வீட்டுக்குச் சாப்பிட வா" என்றால் கூப்பிட்டதாக அர்த்தமில்லை. பேச்சை இனிமையாக முடிக்கிறார்கள். "எப்போது வரட்டும்?" என்று டைரியைத் திறந்தால் எதிரில் நிற்பவர் தவித்துப்போவார். தேதியும் நேரமும் சொன்னால் மட்டும் கிளம்புங்கள். ஏழு மணி என்று சொன்னால் ஏழு பத்துக்குப் போகலாம், ஆறு ஐம்பதுக்குப் போகக் கூடாது. கையில் ஒரு சாக்லேட் பெட்டி.