கோணல் கழுத்திலேயே இருந்தது

டெக்சஸில் என் .308 வின்செஸ்டர் ரைஃபிளுக்கு, சுட்ட காலிக் கூடுகளில் வெடிமருந்தும் குண்டும் வைத்து நானேதான் தோட்டா தயாரிக்கிறேன். புது டை செட் (கூட்டை அளவுக்கு நெரிக்கவும் குண்டைப் பதிக்கவும் உதவும் அச்சுகள்) வாங்கியதிலிருந்து 100 கஜத்தில் குண்டுகள் 2 அங்குலம் சிதறின. மருந்தை மாற்றினேன், ஸ்கோப் திருகுகளை இறுக்கினேன், குண்டு பதிக்கும் டையையும் வேறு வாங்கினேன். நான்கு வார இறுதிகள் வீண்.

பிறகுதான் டையில் நெரித்த காலிக் கூட்டை, நுண்ணிய கோணலையும் காட்டும் டயல் கேஜில் உருட்டிப் பார்த்தேன். குண்டு பதிக்கும் முன்பே, குண்டைப் பிடிக்கும் கூட்டின் கழுத்தில் 0.005 அங்குலக் கோணல்! நெரிக்கும் டை கழுத்தை அளவுக்கு மீறி நெரிக்கிறது. கழுத்தை மீண்டும் விரிக்க டைக்குள் இருக்கும் உருண்டை வெளியேறும்போது அதை ஒரு பக்கமாக இழுக்கிறது. உருண்டையைக் கழற்றினால் 0.001தான்.

குண்டு பதித்த கழுத்தின் வெளிவிட்டம் 0.336. அதனால் 0.334 புஷிங் (கழுத்தை நெரிக்கும் வளையம்) போட்ட டைக்கு மாறினேன், உருண்டை இல்லாமல். இப்போது ஐந்து குண்டுகளும் 1 அங்குலத்துக்குள். அப்பாடா!