பழைய மில்லிங் மிஷினின் பவர் ஃபீட் நின்றுவிட்டதா? போர்டைக் கழற்றும் முன் பிரஷைப் பாருங்கள்

திருநெல்வேலி பேட்டையில் உள்ள எங்கள் பட்டறையில், ஏலத்தில் எடுத்த பழைய டரட் மில்லிங் மிஷின் (சுழலும் கட்டரால் உலோகத்தைச் செதுக்கும் இயந்திரம்) ஒன்று இருக்கிறது. ரைஸ் மில் தண்டுக்குக் கீவே (சாவி பதியும் பள்ளம்) வெட்டிக்கொண்டிருந்த ஒரு நாளில் அதன் டேபிளை ஓட்டும் மின்சாரப் பவர் ஃபீட் பாதியில் நின்றுபோனது. கன்ட்ரோல் போர்டுதான் போய்விட்டது என்று முடிவுகட்டி, நான்கு மாதங்களில் இருமுறை அதை வெளியூருக்கு அனுப்பிச் சரிசெய்து வாங்கினேன். இரண்டு முறையும் சில நாட்கள் ஓடி மறுபடி நின்றது. பழுது போர்டில் இல்லவே இல்லை. நான் தவறவிட்ட வரிசையை நீங்கள் தவறவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

இங்கே சொல்வதெல்லாம் டேபிளின் முனையில் மாட்டப்படும், கார்பன் பிரஷும் (சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொண்டுபோகும் கரித்துண்டு) நிலைக்காந்தமும் உள்ள டி.சி. மோட்டாரை எஸ்.சி.ஆர். (மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் அரைக்கடத்திச் சுவிட்ச்) போர்டு ஓட்டும் வகைக்குப் பொருந்தும். இவற்றில் பல 110 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டவை. பெயர்த்தகட்டைப் படித்து, அப்படியிருந்தால் 230 வோல்ட்டைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக மட்டுமே இணைப்புக் கொடுங்கள். போர்டின் எல்லாப் பகுதிகளிலும் மின்சாரம் நேரடியாக இருக்கும் என்பதால், மூடியைத் திறக்கும் முன் பிளக்கைப் பிடுங்கிச் சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும்.

முதல் படி, கைச்சக்கரம். ஃபீட் லிவரை நடுவில் வைத்து, டேபிள் லாக்கைத் தளர்த்தி, டேபிளை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை கையால் ஓட்டிப் பாருங்கள். எங்காவது இறுகினால் ஜிப்பையும் (டேபிளின் வழித்தடத் தளர்வைச் சரிசெய்யும் பட்டை) லீட் ஸ்க்ரூவையும் (டேபிளை நகர்த்தும் திருகுத்தண்டு) முதலில் கவனியுங்கள்.

இரண்டாவது, டேபிள் முனையை எட்டியதும் ஃபீடை நிறுத்தும் லிமிட் சுவிட்ச். இடப்பக்கம் ஓடுகிறது, வலப்பக்கம் ஓடவில்லை என்றால் போர்டைச் சந்தேகிக்க வேண்டாம். ஒவ்வொரு திசைக்கும் ஒரு மைக்ரோ சுவிட்ச் உண்டு. அதன் இணைப்பு சாதாரண நிலையில் மூடியும் (மின்சாரம் பாயும்படி) அழுத்தும்போது திறந்தும் இருக்க வேண்டும். மல்டிமீட்டரை அதன் இரு முனைகளில் வைத்து அழுத்தி விட்டுப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். கூலன்ட் இறங்கிப் பிசுபிசுத்துப்போன சுவிட்சைக் கழுவி மறுபடி மாட்டுவதை நான் விரும்புவதில்லை. விலை குறைந்த பொருள்தான், புதிதாகவே போட்டுவிடுங்கள்.

மூன்றாவது படியில்தான் நான் நான்கு மாதங்களை இழந்தேன். மோட்டாரின் இருபுறமும் உள்ள பிரஷ் மூடிகளைத் திருகிக் கழற்றினால் ஸ்பிரிங்கோடு பிரஷ் வெளியே வரும். வரும்போது எந்த முகம் எந்தப் பக்கம் இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். திருப்பி மாட்டினால் தேய்ந்த வளைவு கம்யூட்டேட்டரோடு (பிரஷ் உரசும், சுழலும் செம்பு உருளை) பொருந்தாது. என் பிரஷ்கள் நீளமாகவே இருந்ததால் நல்லவை என்று நம்பினேன். ஆனால் கரித்தூளும் கூலன்ட்டும் ஆடிக் காற்று கொண்டுவந்த புழுதியும் சேர்ந்து பசைபோல இறுகியதால், ஒரு பிரஷ் தன் கூட்டுக்குள் சிக்கியிருந்தது. அது தேயத் தேய ஸ்பிரிங்கால் அதை முன்னே தள்ள முடியவில்லை. போர்டை அனுப்பிய இரண்டு முறையும் மோட்டாரையும் இறக்கியிருந்தேன். அந்த ஆட்டத்தில் பிரஷ் சற்று நகர்ந்து கம்யூட்டேட்டரைத் தொட்டுவிட, மோட்டார் சில நாட்கள் ஓடியது. போர்டு வேலை பலித்தது என்று நான் நினைத்துக்கொண்டேன். ஆகவே நீளத்தை மட்டும் பார்த்துத் திருப்தியடையாமல், பிரஷைக் கூட்டுக்குள் விட்டு, அது தடையின்றி வழுக்கிப் போகிறதா என்று பாருங்கள். கூட்டைத் துணியால் துடைத்து, பிரஷின் பக்கங்களைச் சமதளத்தில் வைத்த உப்புத்தாளில் மெல்லத் தேய்த்தால் போதும். மிக்ஸி பிரஷை அறுத்து அளவாக்கிப் போடும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை, ஏனெனில் அதன் கரியின் கடினம் வேறு.

கம்யூட்டேட்டர் கறுத்திருந்தால் உப்புத்தாளால் மட்டும் தேயுங்கள். எமரி பேப்பரின் துகள் செம்பில் பதிந்து பிரஷைத் தின்றுவிடும். அதன் செம்புப் பட்டைகளுக்கு இடையிலுள்ள மைக்கா (மின்காப்புப் பொருள்) செம்போடு சமமாக ஏறிவந்திருந்தால், உடைந்த ஹாக்சா பிளேடால் அரை மில்லிமீட்டர் அளவுக்குக் கீழே சுரண்டிவிட வேண்டும். ஆர்மேச்சரை (மோட்டாரின் சுழலும் பகுதி) வெளியே எடுக்கும்போது காந்தத்தில் இரும்புத் துகள் ஒட்டாதபடி, மேசையில் சுத்தமான துணியை விரித்துக்கொள்ளுங்கள்.

இப்போது மோட்டாரின் இரு வயர்களையும் போர்டிலிருந்து பிரித்து, 12 வோல்ட் பைக் பேட்டரியில் இணையுங்கள். மெதுவாகவேனும் சீராகச் சுற்றினால் மோட்டார் பெரும்பாலும் நலம். பிரிந்த வயர்களின் இடத்தில் 100 வாட் குண்டு பல்பை மாட்டி வேகத் திருகியைத் திருப்புங்கள். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. வெளிச்சம் படிப்படியாகக் கூடிக் குறைந்தால் போர்டும் நலம். திருகியை எங்கே வைத்தாலும் ஒரே வெளிச்சமாக எரிந்தால் எஸ்.சி.ஆர். ஷார்ட் ஆகியிருக்கக்கூடும். போர்டை வெளியூருக்கு அனுப்புவது பற்றி அப்போதுதான் யோசிக்க வேண்டும்.

திரும்ப மாட்டும்போது பெவல் கியருக்குப் (சாய்வுப் பற்சக்கரம்) பின்னாலிருந்த ஷிம்களைப் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய வளையத் தகடுகள்) பழைய வரிசையிலேயே போடுங்கள். கழற்றும்போதே ஒரு கம்பியில் கோத்து வைத்தால் குழப்பமில்லை. பற்களுக்கிடையே 0.1 மில்லிமீட்டர் அளவில் தளர்வு இருக்கட்டும். அதற்கும் குறைந்தால் கியர் ஊளையிடும். லித்தியம் கிரீஸை மெல்லியதாகப் பூசுங்கள். அள்ளி அப்பினால் அது வழிந்து மோட்டாருக்குள் இறங்கும்.

பின்னர் சேர்த்தது: இதைப் படித்து வேலை செய்த அம்பாசமுத்திரம் லேத் பட்டறைக்காரர் ஒருவர், "அண்ணாச்சி, ஃபீடு நல்லா ஓடுது, ஆனா லிமிட்ல நிக்க மாட்டேங்குது" என்று தொலைபேசியில் சொன்னார். விசாரித்ததில், பேட்டரிச் சோதனைக்குப் பிறகு மோட்டாரின் இரு வயர்களையும் அவர் இடம்மாற்றி இணைத்திருந்தது தெரிந்தது. அப்போது லிவரை இடப்பக்கம் தள்ளினால் டேபிள் வலப்பக்கம் போகும். வலமுனையில் அழுந்தும் சுவிட்சோ வலத்திசைக்கான இணைப்பைத்தான் துண்டிக்கும். ஓடிக்கொண்டிருப்பது இடத்திசை இணைப்பு என்பதால் டேபிள் நிற்காமல் போய் மோதும். இது கியரை உடைக்கக்கூடிய தவறு. வயர்களைப் பிரிக்கும் முன்பே டேப் ஒட்டி அடையாளமிடுங்கள். மாட்டி முடித்ததும் டேபிளை நடுவில் நிறுத்தி, குறைந்த வேகத்தில் ஓடவிட்டு, அது எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கத்து லிமிட் சுவிட்சை ஒரு மரக்குச்சியால் அழுத்துங்கள். டேபிள் உடனே நின்றால் மட்டுமே கட்டரை மாட்டுங்கள்.